இடுப்பு வலி, சாயங்காலக் காய்ச்சல், மாட்டுக் கொட்டகை: என் அனுபவம்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பெண் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் அதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "எல்லாம் தண்ணி வாகு" என்று முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்ல காரணமும் இருக்கிறது. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், அதைவிட அதிகமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் எலும்பும் தசைநாரும் இறுகி முதுகு வளையாமல் போய்விடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்ததே இதற்காகத்தான். அதனால் மூட்டு வலி, முதுகு வலி என்றாலே இங்கே கைவசம் ஒரு பதில் தயாராக இருக்கிறது.

எனக்கு வந்த வலிக்கும் முதலில் அந்தப் பதில்தான் கிடைத்தது. அப்புறம் வாதம் என்றார்கள். அதற்கும் அப்புறம், முதுகெலும்பைப் பிடிக்கிற ஒரு வகை முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிறது, ஆயுளுக்கும் மாத்திரை என்றார்கள். கடைசியில் தெரிந்தது அது புரூசெல்லா என்ற பாக்டீரியா என்று. மாட்டிலிருந்து எனக்கு வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் என் உடம்புக்குள்ளேயே தங்கி, மூட்டைப் புண்ணாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அந்தப் பக்கம் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி வரைக்கும் மாடு இல்லாத வீடு குறைவு. ஆனால் இந்த நோயின் பெயர் தெரிந்த வீடு அதைவிடக் குறைவு. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொஞ்சம் தக்காளித் தோட்டம், கூடவே கறவை மாடுகள். சந்தையில் பிடித்து வந்த ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு, சினை முற்றி வரும்போது, நாள் நிறைய இன்னும் இருக்கும்போதே, ஒரு நாள் ராத்திரி கன்னு வீசிவிட்டது. செத்துப் பிறந்த கன்று. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை, ஏனென்றால் நஞ்சுக்கொடி விழவில்லை. பாதி வெளியே தொங்குகிறது, மாடு நிற்கவும் மாட்டாமல் படுக்கவும் மாட்டாமல் தவிக்கிறது, டாக்டருக்குப் போன் போட்டால் அவர் வேறு ஊரில் இருக்கிறார். அத்தை செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நான் தேங்காய் எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு முழங்கை வரைக்கும் விட்டுக் கொடியை மெதுவாகப் பிரித்து எடுத்தேன். மஞ்சளும் பழுப்புமாக, தோல் மாதிரித் தடித்து, நாற்றம் தாங்கவில்லை. அன்று பகலில் சோளத்தட்டு அறுத்த கீறல்கள் கை முழுக்க இருந்தன. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டேன். எங்கள் ஊரில் மாடு வைத்திருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே மாதிரி ஒன்று சொல்வாள். இது எங்களுக்குச் சாதாரண வேலை.

கன்னு வீசிய மாட்டின் கருப்பையும் கொடியும் பாலும் இந்தக் கிருமி மொய்த்துக் கிடக்கும் இடங்கள். தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், கண்ணில் தெறித்தாலும் போதும், மூச்சில் போனாலும் போதும். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக அபூர்வம். ஆனால் மாட்டிலிருந்து நமக்கு வருவது சுலபம்.

சில வாரம் கழித்துத் தொடங்கியது. காலையில் ஒன்றும் தெரியாது, பால் ஊற்றிவிட்டு வந்து சமையலும் முடிப்பேன். சாயங்காலம் நான்கு ஐந்து மணிக்கு மேல் உடம்பு சுடும், குளிர் எடுக்கும், ராத்திரி பாயும் தலையணையும் நனைகிற அளவுக்கு வேர்க்கும். நாலு நாள் இருக்கும், தானே விட்டுவிடும், ஒரு வாரம் நன்றாக இருப்பேன், திரும்ப வரும். அப்புறம் வலி. இடுப்பு என்று சொன்னேனே தவிர, சரியாகச் சொன்னால் இடுப்புக்குக் கீழே, புட்டத்தின் உள்பக்கம், ஆழத்தில். ஒரு நாள் வலப்பக்கம், இன்னொரு நாள் இடப்பக்கம். ராத்திரி புரண்டு படுக்க முடியாது. காலையில் எழுந்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும், நடக்க நடக்கத்தான் கொஞ்சம் இளகும். எடை குறைந்தது. எதிலும் மனசு ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வரும். இந்த மனச்சோர்வும் நோயின் ஒரு பகுதிதான் என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது வீட்டில் எல்லாரும், நான் உட்பட, இது மாதவிடாய் நிற்கிற வயசுக் கோளாறு என்று நினைத்தோம்.

காய்ச்சலுக்குப் போனால் விடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்றார்கள். மாத்திரை, கஞ்சி, ஓய்வு. குறைந்தது, திரும்ப வந்தது. இன்னொரு முறை ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஒரு வாரத்துக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் எனக்குப் புது உடம்பு கிடைத்த மாதிரி இருந்தது. காய்ச்சல் போனது மட்டுமில்லை, இடுப்பு வலியே பாதியானது. மாத்திரை முடிந்து கொஞ்ச நாளில் பழையபடி. இதை நான் அடுத்து பார்த்த டாக்டரிடம் சொன்னேன், அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது மூட்டு வலியும் சேர்ந்து குறைந்து, நிறுத்தினால் திரும்புகிறது என்றால் அது ஒரு பெரிய துப்பு. உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்காவதோ இப்படி நடந்திருந்தால், எந்த மாத்திரை, எத்தனை நாள், என்ன குறைந்தது, எப்போது திரும்பியது என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றில் போய்விடுகிறது.

பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு நோய் டாக்டர். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் அதிகம். ருமடாய்டு வாதக்காரர்கள் பலரின் ரத்தத்தில் தெரியும் ருமடாய்டு ஃபேக்டர் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடியும் சேருகிற மூட்டில் அழற்சி என்று வந்தது. முதுகெலும்பு வாதக்காரர்கள் பலரிடம் இருக்கும் ஹெச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு நெகட்டிவ், ஆனால் அது நெகட்டிவாக இருந்தாலும் இந்த வகை வாதம் வரலாம் என்றார். அது உண்மையும்கூட. வலி மாத்திரை, சல்ஃபாசலசின் என்ற வாத மருந்து, கூடவே ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் வலி போன இடம் தெரியவில்லை. நான் தோட்டத்துக்குப் போய் தக்காளி பறித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் நல்ல டாக்டர் என்றார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, முன்பைவிட அதிகமாக, மருந்தின் அளவைக் குறைக்கக் குறைக்க வலியும் ஏறியது. கொட்டகைக்குள் பாம்பு நுழைந்திருக்கும்போது குரைக்கிற நாயைக் கட்டிப் போட்ட கதை அது. சத்தம் நின்றது, பாம்பு உள்ளேயே இருந்தது.

அந்த டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் ஸ்கேனையும் அந்த வாத நோய்க்காரர் ஒருவரின் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்று பிறகு பார்த்த டாக்டரே சொன்னார். கிருமி உண்டாக்கும் அழற்சிக்கும் எதிர்ப்பு சக்தி தானாக உண்டாக்கும் அழற்சிக்கும் படத்தில் பெயர் எழுதி இருக்காது. கேட்டால்தான் தெரியும். யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த கட்டமாக பயலாஜிக் ஊசி போடலாம் என்று பேச்சு வந்தது. எதிர்ப்பு சக்தியின் ஒரு கண்ணியையே அடக்கும் மருந்து அது. அதைப் போடும் முன் உள்ளே காச நோய்க் கிருமி பதுங்கி இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள், ஏனென்றால் பதுங்கியிருக்கும் டி.பி. இந்த ஊசியால் எழுந்துகொள்ளும். அந்தப் பரிசோதனை முடிந்ததும், காய்ச்சலும் இருக்கிறதே என்று, சேலத்தில் ஒரு பொது மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று வீட்டுக்காரர் அழைத்துப் போனார். அவர் ஃபைலைப் புரட்டவே இல்லை. முதல் கேள்வியே வேறு.

"என்ன வேலை பார்க்கறீங்கம்மா?"

"வீட்லதான் சார்."

"வீட்ல என்னென்ன வேலை?"

"சமையல், தோட்டம், மாடு..."

"மாடா? கன்னு போட்டா யாரு பார்க்கறது?"

"நானும் எங்க அத்தையும்தான்."

"எந்த மாடாவது கன்னு வீசிச்சா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரைக்கும் நான் போன ஒவ்வொரு இடத்திலும் சீட்டில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுதியிருந்தார்கள். காலை நாலரை மணிக்குச் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, கன்று இழுத்து, கொடி எடுத்து, இதெல்லாம் செய்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை. ஒரு ஆண் போயிருந்தால் "விவசாயம்" என்றாவது எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து யாராவது மாட்டைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் மாட்டு வேலையில் பெரும்பகுதி பெண்கள் தலையில்தான், ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த வேலை இல்லவே இல்லை. தயவுசெய்து, பெண்களே, அந்த இடத்தில் "மாடு வளர்ப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறந்தாலும் வாயால் சொல்லுங்கள். கசாப்புக் கடையில் வேலை செய்கிறவர்கள், ஆடு வைத்திருப்பவர்கள், கால்நடை மருந்தகத்தில் உதவியாக இருப்பவர்கள், எல்லாரும்தான்.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரோஸ் பெங்கால் என்று ஒன்று, சில நிமிடத்தில் தெரிந்துவிடும், அது பாசிட்டிவ். எஸ்.ஏ.டி. என்று இன்னொன்று, எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் எதிர்வினை தெரிகிறது என்று பார்ப்பது. பொதுவாக 1:160க்கு மேல் இருந்து, நோய்க்குறியும் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதைவிடப் பல மடங்கு. கூடவே ரத்தத்திலிருந்து கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் வைத்தார்கள். அதை அனுப்பும்போது சீட்டில் புரூசெல்லா சந்தேகம் என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதினார். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, இந்தக் கிருமி மெதுவாக வளரும், அவசரப்பட்டு சீக்கிரம் தூக்கிப் போட்டால் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிடும். இரண்டாவது, லேபில் வேலை செய்கிறவர்களுக்கே அது தொற்றும், அவர்களுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். அந்த இரண்டாவது காரணத்தை அவர் நினைத்துப் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இது எப்படி இவ்வளவு நாள் உள்ளே தங்குகிறது என்று நான் கேட்டேன். கிருமியைத் தின்று அழிப்பதற்கென்றே நம் உடம்பில் சில வெள்ளையணுக்கள் இருக்கின்றன, மேக்ரோஃபேஜ் என்பார்கள். புரூசெல்லாவையும் அவை விழுங்கும். ஆனால் விழுங்கியதைச் செரித்துக் கொல்லும் பைக்குப் போய்ச் சேராமல், அதே அணுவுக்குள் வேறொரு இடத்தில் ஒதுங்கி அங்கேயே பெருகும். அதன் மேல் தோலும் நம் எதிர்ப்பு சக்தியைப் பெரிதாகக் கிளப்பாத மாதிரி அமைந்திருக்கிறது. அதனால் உடம்பு முழு வேகத்தோடு பாய்ந்து அழிக்கவும் இல்லை, சும்மா விடவும் இல்லை, மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கிறது. எலும்பு மஜ்ஜை, கல்லீரல், மண்ணீரல், முதுகெலும்பு, இடுப்பு மூட்டு, ஆண்களுக்கு விதைப்பை, அபூர்வமாக இதய வால்வு என்று எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும். டெஸ்டில் தெரிந்த சி.ஆர்.பி. அந்தக் கனலின் அளவு மட்டும்தான். எது கனலை மூட்டியது என்று அது சொல்லாது.

இந்தக் கிருமியை முதலில் பிடித்தது மால்டா தீவில். அங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலில் கிடந்தார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் 1887இல், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து இதை எடுத்தார். எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை தெரியவில்லை. தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் என்ற மால்டாக்காரர்தான் ஆட்டைப் பரிசோதித்துக் கண்டுபிடித்தார். ஆடுகள் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன, பாலில் கிருமி வந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சல் சட்டென்று குறைந்தது. "நம்ம மாடு நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடுகள் ஞாபகம் வரும்.

ஆயுள் வியாதி என்று சொல்லப்பட்ட ஒன்றுக்குள் கிருமி இருந்த கதை இது மட்டும் இல்லை. வயிற்றுப் புண்ணைக் கவலை, காரம், அமிலம் என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் வயிற்றுச் சதையிலிருந்து ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1982இல் வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு முன்னால் பல முறை வளரவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே இருந்துவிட்டதால்தான் வளர்ந்தது. மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. வருஷக்கணக்காக ஜெலூசிலும் மாத்திரையுமாக இருந்த எங்கள் சித்தப்பாவுக்கு, இந்தக் கிருமிக்கான இரண்டு வார மருந்தில் வயிற்றுப் புண் ஆறியது என் கண் முன்னால் நடந்தது.

இதை எல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எல்லா மூட்டு வாதமும் கிருமிதான், நானும் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவிலேயே ஒருவர் என் மாத்திரைப் பட்டையைக் கொண்டுபோய் மெடிக்கலில் காட்டி வாங்கப் பார்த்தார். முடக்குவாதத்தில் பெரும்பாலும் கொல்ல வேண்டிய கிருமி என்று ஒன்று உடம்பில் கிடையாது. பல் ஈறில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கும் ருமடாய்டு வாதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள், ஈறு நோயைச் சரி செய்துகொள்வது எப்படியும் நல்லதுதான், அதற்காக வாத மருந்தை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு சிலருக்கு முழங்கால் வீங்கும். அங்கே கிருமி வந்து, தூண்டிவிட்டுப் போயிருக்கும், பிறகு நீள நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வருகிற ருமாட்டிக் காய்ச்சல் இன்னொரு வகை. அங்கே மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடுவது, அடுத்த தொண்டைத் தொற்று வந்து இதய வால்வை மேலும் கெடுக்காமல் இருப்பதற்காக. ஆக ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. முதலில் நிரூபிக்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. பயலாஜிக் ஊசியால் நிமிர்ந்து நடக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியான மருந்து, எனக்கு அது ஆபத்தாக முடிந்திருக்கும்.

சிகிச்சை நீண்டது. கிருமி அணுவுக்குள் ஒளிந்திருப்பதால் அணுவுக்குள் போகிற மருந்து வேண்டும், அதுவும் ஒன்று போதாது, நாளும் குறைவாக இருக்கக் கூடாது. மூட்டுக்கோ முதுகெலும்புக்கோ போகாத சாதாரண தொற்றுக்கே 6 வாரம். எனக்கு மூட்டில் இருந்ததால் டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் 3 மாதம், முதல் சில வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்த்து. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தினார்கள், அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டைபாய்டு என்றும் ஸ்க்ரப் டைஃபஸ் என்றும் நான் முன்னால் சாப்பிட்டது ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. பாதி மருந்து, கால்வாசி நாள்.

ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில். சாப்பிட்ட முதல் நாளே சிறுநீர் செம்பருத்திச் சாறு நிறத்தில் போகும், வேர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும், முன்னாலேயே சொல்லிவிட்டதால் நான் பயப்படவில்லை. டி.பி.க்கும் இதே மாத்திரைதான், அதனால் மெடிக்கலில் ஆரம்பித்து ஊர் முழுக்க எனக்கு டி.பி. என்று பேச்சு பரவி, பாலை எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு வீடு நிறுத்திக்கொண்டது. அத்தைதான் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையாகப் போய் உட்கார்ந்து விளக்கினார். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரிஃபாம்பிசின் எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவற்றின் வேகத்தை இது குறைத்துவிடும். நடுவில் கல்லீரல் பரிசோதனையும் உண்டு. டாக்சிசைக்ளினுக்கு ஒரு முழுச் சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஜெலூசில் மாதிரி மருந்து எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. வெயில்தான் பெரிய தொந்தரவு. தோட்டத்தில் மதியம் நின்றால் முகமும் புறங்கையும் எரிந்து சிவந்துவிடும், முழுக்கைச் சட்டையும் முக்காடுமாகத்தான் போனேன். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்த மருந்துக் கூட்டணி வேறு, அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு இல்லை. அத்தைக்கு ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பணு இருந்தது, நோய்க்குறி எதுவும் இல்லை, அதனால் மருந்து கொடுக்காமல் கவனித்து வருகிறார்கள்.

இனி மாடு. கால்நடை மருந்தகத்தில் சொன்னதும் டாக்டர் சார் வந்து எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். அந்த ஜெர்சிக் கலப்போடு இன்னொன்றுக்கும் இருந்தது. நோய் வந்த மாட்டைக் குணப்படுத்த இங்கே வழக்கத்தில் மருந்து கிடையாது, ஒரு தடவை கன்னு வீசிவிட்டு அடுத்த ஈற்றில் நன்றாகப் போட்டாலும் கிருமி பாலிலும் கொடியிலும் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. சந்தைக்கு ஓட்டிவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றார்கள். அப்படி யாரோ ஓட்டி வந்த மாட்டைத்தானே நாங்கள் பிடித்தோம் என்று வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். அதோடு பேச்சு நின்றது. இரண்டையும் தனிக் கொட்டகையில் கட்டி, இனச்சேர்க்கையை நிறுத்தி, பால் வற்றும்வரை வைத்துக்கொண்டோம். நஷ்டம்தான். இந்த நஷ்டத்துக்கு ஏழை வீட்டுக்கு யாராவது ஈடு கொடுத்தால்தான் சந்தைக்கு ஓட்டுவது நிற்கும், வெறும் புத்திமதி சொல்லி நிறுத்த முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கிடாரிக் கன்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை, ஆயுளுக்கும் போதும். மத்திய அரசு 2019இல் ஆரம்பித்த தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கும் இதற்கும் இலவசமாகவே போடுகிறார்கள். காதில் வில்லை மாட்டியிருக்கிற கன்றுக்குப் பதிவும் இருக்கும். கோமாரி ஊசிக்கு வரிசையில் நிற்கிற நாம் இதற்குக் கேட்பதே இல்லை. அந்த வயதைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு போய்விடும், அதனால் கன்று பிறந்த தேதியைச் சுவரில் எழுதி வைத்து, நீங்களாகவே போய்க் கேளுங்கள். ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பிடிக்கிறவர்கள் கவனம், அது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து, ஊசி நம் கையில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கன்னு ஈனும்போதும் வீசும்போதும் முழங்கை வரை வருகிற பிளாஸ்டிக் கையுறை, மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. முகத்தை மூடிக்கொள்ளுங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியை அந்தப் பக்கமே விடாதீர்கள், இந்தக் கிருமி மனிதருக்கும் கருவைக் கலைக்கும். கொடியையும் செத்த கன்றையும் நாய் இழுத்துப் போகவிடாமல், கிணறு ஓடைக்குத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஈரமண்ணில் இது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். எங்கள் பக்கத்தில் கொடியை ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் இன்னும் சில வீட்டில் உண்டு, பால் பெருகும் என்ற நம்பிக்கை. சாக்குப் பையில் ஒழுக ஒழுகத் தூக்கிப் போய்க் கட்டுகிறவருக்குத்தான் முதலில் வரும், அந்த ஒன்றை விட்டுவிடலாம்.

பால் விஷயத்தில் பயமே வேண்டாம், பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பாக்கெட் பாலும் பதப்படுத்தியதுதான். காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிர், மோர் எதுவும் பிரச்சினை இல்லை. கறந்த சூட்டோடு நுரைப்பால் குடித்தால் தெம்பு என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதையும், இருமலுக்கு ஆட்டுப்பாலைப் பச்சையாகக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். புற்றுக்கு ஊற்றுகிற பால் பச்சையாக இருக்கட்டும், பிள்ளைக்கு ஊற்றுகிறது காய்ச்சியதாக இருக்கட்டும்.

மருந்து முடித்தவர்களுக்கு ஒரு விஷயம். எஸ்.ஏ.டி. எண் உடனே பூஜ்யம் ஆகாது. குணமான பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும், பாசிட்டிவாகவே இருக்கும். வெறும் எண்ணைப் பார்த்துப் பயந்து நானும் திரும்ப மாத்திரை கேட்டேன், டாக்டர் மறுத்துவிட்டார். காய்ச்சல், வேர்வை, புது வலி, எடைக் குறைவு, சி.ஆர்.பி. ஏறுவது, இவை சேர்ந்து வந்தால்தான் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரும்புவது சரியாக மருந்து எடுத்தவர்களிலும் சிலருக்கு நடக்கும், பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள். அதனால் அந்த ஒரு வருஷம் கூப்பிட்ட தேதிக்கெல்லாம் போய்க் காட்டுங்கள், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். எனக்குக் காய்ச்சல் நின்று, எடை ஏறி, சி.ஆர்.பி. இறங்கிவிட்டது. மூட்டில் விழுந்த சேதம் கொஞ்சம் அப்படியே இருக்கிறது, அதிகம் குனிந்து களை எடுத்தால் மறுநாள் காலை இறுக்கம் தெரியும், அதற்கு பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்கிறேன். பால் கறப்பது இப்போதும் நான்தான்.